பழைய வண்டி வாங்குமுன்: ஓசையால் பழுதறிதல்

சரக்கைச் சந்தைக்குக் கொண்டுசெல்லத் தமக்கென ஒரு சிறு வண்டி இருந்தால் நலமாயிருக்குமே என்று நெசவாளர் சங்கத்தாரும் விளைபொருள் விற்பனைச் சங்கத்தாரும் நம்மிடம் அடிக்கடி கூறுகின்றனர். புது வண்டியின் விலையைக் கேட்டவுடன் பேச்சு பழைய வண்டியின்பால் திரும்பிவிடுகிறது. பழையது வாங்குவதில் தவறொன்றுமில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய வண்டி, வட்டிக்குக் கடன்பட்டு வாங்கிய புது வண்டியைவிடச் சங்கத்திற்கு உகந்ததாய் அமைவதுண்டு. ஆனால் அந்த நல்ல நிலையை எவ்வாறு அறிவது என்பதே கேள்வி. அதனைக் கண்ணால் அறிவதைக் காட்டிலும் காதால் அறிவது பெரும்பாலும் எளிது என்பது நமது அனுபவம். அந்த அனுபவம் இலவசமாகக் கிடைத்ததன்று. ஆதலின் முதலில் அதனைச் சொல்லிவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சேலம் மாவட்டத்துக் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்று, சேலைக் கட்டுகளை ஏற்றிச் செல்வதற்காகப் பழைய டீசல் சரக்கு வண்டியொன்றை வாங்க முற்பட்டது. நூல் கிடங்கின் ஓட்டுக் கூரையை மாற்றுவதற்கென்று ஆண்டுதோறும் சிறுகச் சிறுக ஒதுக்கி வைத்திருந்த பணம் அது. வண்டி ஓடினால் வாடகை மிச்சமாகும், அந்த மிச்சத்தில் கூரையை அடுத்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம் என்பது நிர்வாகக் குழுவினரின் கணக்கு. வண்டியைப் பார்க்க நம்மையும் உடன் அழைத்தனர். கணக்குப் பார்க்கிறவர், இவரை ஏமாற்ற இயலாது என்று எண்ணினார்கள் போலும்.

நாம் போய்ச் சேர்ந்தபோது பகல் பதினொரு மணி. வண்டி கழுவித் துடைக்கப்பட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே வாசலில் நின்றது. நமக்கு அது மரியாதையாகத் தோன்றிற்று. பதிவுப் புத்தகம், வரி, இன்ஷ்யூரன்ஸ், தகுதிச் சான்று யாவற்றையும் ஒரு மணி நேரம் வரிவரியாகப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. பின்னர் வண்டியிலேறி இரண்டு தெருக்களைச் சுற்றி வந்தோம். விற்பவர் வண்டியிலிருந்த பாட்டுப் பெட்டியைத் திருப்பிவிட்டார்; பாட்டும் நன்றாகவே இருந்தது. தேநீர் அருந்தி, முன்பணம் கொடுத்துத் திரும்பினோம்.

நாற்பதாவது நாள், பெங்களூருக்குச் சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் ஏறுங்கால், எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசை எழுந்தது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் கனெக்டிங் ராடின் பேரிங் உருகித் தேய்ந்து, கிராங்க் தண்டையும் கெடுத்துவிட்டது. பட்டறையில் எண்ணெயை வடித்தபோது அது பாகுபோல் விழுந்தது. தேய்ந்த பேரிங்கின் ஓசையை மறைப்பதற்காக, இருக்க வேண்டியதைவிடக் கெட்டியான எண்ணெயை யாரோ ஊற்றியிருக்கின்றனர் என்றார் மெக்கானிக். பழுது பார்த்த செலவு, வண்டியை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வாண்டு ஐப்பசி மழையில் நூல் சிப்பங்களின்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்ததை நாம் நேரிலேயே கண்டோம்.

பொதுக்குழுவில் ஓர் அம்மையார் எழுந்து, "ஏனுங்க சார், நீங்க பாத்தது வண்டியையா, காயிதத்தையா?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

அதன்பின் பட்டறைகளில் அமர்ந்து கேட்டுக் கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம். கற்றுக்கொண்ட முதற்பாடம் நமது தொழிலில் ஏற்கெனவே நாம் அறிந்திருந்ததுதான். சங்கத்தின் ரொக்க இருப்பைச் சரிபார்க்கப் போகும் ஆய்வாளர், நாளை வருகிறேன் என்று காரியதரிசிக்குச் சொல்லியனுப்புவதில்லை. சொல்லியனுப்பினால் பெட்டியில் பணம் சரியாகத்தான் இருக்கும். ஓடிக்கொண்டே நம்மை வரவேற்ற எஞ்சினும் அத்தகைய பெட்டியே. இரவு முழுதும் நின்று குளிர்ந்த எஞ்சின் எவ்வாறு கிளம்புகிறது, எத்தனை முறை சாவி திருப்ப வேண்டியிருக்கிறது, என்ன புகை கக்குகிறது, என்ன ஓசை தருகிறது என்பனவெல்லாம் அன்றைய முதற் கிளம்புதலில் மட்டுமே தெரியும். ஆதலால் காலையில் முதல் வேலையாகப் போதல் வேண்டும். வண்டியைக் கிளப்ப வேண்டாமென்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளலாம். போனவுடன் பேச்சைத் தொடங்குமுன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயிலில் நில்லாத வண்டி காலை ஏழு மணிக்குச் சூடாக இருக்குமானால், அதனை யாரோ சற்றுமுன் ஓட்டியிருக்கின்றனர். அதற்குக் காரணம் கேட்பது நம் உரிமை.

இரண்டாம் பாடம், ஓசையின் தன்மையைவிட அது எழும் சமயத்தைக் கவனிப்பது. கடகடவென்றது, கிறீச்சென்றது என்று சொன்னால் மெக்கானிக்கிற்குப் பாதிதான் விளங்கும். எப்பொழுது எழுந்தது, எப்பொழுது நின்றது என்று சொன்னால் பழுதின் பெயரையே அவர் சொல்லிவிடுவார். நம் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. தறியில் அமர்ந்தவர் நாடா ஓடும் ஓசை சிறிது மாறினாலும் இழை பார்க்காமலேயே கையை நிறுத்துகிறார். கிணற்று மேட்டில் பம்பு செட்டின் பேரிங் தேயத் தொடங்கினால், வரப்பில் நிற்கும் விவசாயி அறிகிறார். அந்தக் காதைத்தான் வண்டிக்கும் கொடுக்கச் சொல்கிறோம்.

இனி எஞ்சினைப் பார்ப்போம். பானெட்டைத் திறந்துவைத்து, வேறொருவரைக் கிளப்பச் சொல்லி, நாம் முன்னால் நிற்க வேண்டும். கிளம்பிய முதல் ஓரிரு நொடிகள் மேற்புறத்தில் மெல்லிய 'டிக் டிக்' ஓசை எழுந்து அடங்குமானால் அஞ்ச வேண்டுவதில்லை. இரவெல்லாம் கீழே வடிந்திருந்த எண்ணெய் மேலேறும் வரை அவ்வாறு கேட்பதுண்டு. அது அடங்காமல் தொடர்ந்தால் டப்பட் இடைவெளி கூடியிருக்கலாம். அல்லது எண்ணெய் போதாமலிருக்கலாம். முன்புறத்திலிருந்து சங்கிலி உரசுவது போன்ற சலசலப்பு எழுந்தால் டைமிங் சங்கிலி தளர்ந்திருக்கலாம். இது செலவு வைக்கும். கிறீச்சென்று கூவிப் பின் அடங்குவது பெரும்பாலும் பெல்ட். இது சிறு செலவு. சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேருமிடத்தில் 'புஸ் புஸ்' என்று கேட்டு, சூடேறியதும் குறைவது புகைக் கசிவு.

யாவற்றிலும் கொடியது நம்மைத் தொப்பூரில் நிறுத்திய ஓசை. அது கனமானது, கீழிருந்து எழுவது, ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்து விடும்போதும், மேடேறும்போதும் 'டொக் டொக்' என வலுப்பது. டீசல் எஞ்சினுக்கு இயல்பாகவே ஒரு கடகடப்பு உண்டாகையால் புதியவர் இரண்டையும் குழப்பிக்கொள்வர். இயல்பான கடகடப்பு சீராகவும் மேலோட்டமாகவும் இருக்கும்; பேரிங்கின் அடி தனித்து, ஆழத்திலிருந்து கேட்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருத்தலால் இவ்வோசை ஒளிந்துகொள்ளக்கூடும். சூடேறி எண்ணெய் இளகியபின்தான் வெளிவரும். குளிர்ந்த எஞ்சினைக் கேட்டதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது, கேளாமலேயே வாங்குவதற்கு அடுத்த பிழை. பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், நின்ற நிலையில் மறுபடியும் பானெட்டைத் திறந்து கேட்க வேண்டும். நாம் அன்று இரண்டில் ஒன்றையும் செய்யவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் நின்று புகையைப் பார்க்கட்டும். குளிர்ந்த காலையில் சிறிது வெண்ணிற ஆவி வந்து மறைவது இயல்பு. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. கரும்புகை, எரிபொருள் மிகுதியாகப் போவதையோ காற்று வடிகட்டி அடைத்திருப்பதையோ காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாது வந்தால் குளிர்நீர் எஞ்சினுக்குள் கசிகின்றதா என்று ஐயுற வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் கசடு படிந்திருப்பதும் அதே ஐயத்தை வலுப்படுத்தும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறத்தல் வேண்டும். சூட்டில் திறந்து முகத்தை வேகவைத்துக்கொண்டவர்களைப் பட்டறைகளில் கண்டிருக்கிறோம்.

அடுத்து, வண்டியை நகர்த்தாமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டுக் கிளட்சை மெல்ல மிதியுங்கள். மிதித்தபோது உரசல் ஓசை எழுந்து, காலை எடுத்ததும் நின்றால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதற்கு மாறாக, கால் எடுத்திருக்கையில் கேட்கும் இரைச்சல் மிதித்தவுடன் மறைந்தால் பழுது கியர் பெட்டிக்குள் இருக்கிறது. பேரிங் இரண்டும் ஏறக்குறைய அருகருகே இருப்பவை. ஓசையும் ஒன்றையொன்று ஒத்தது. செலவோ வெவ்வேறு. சமயத்தைக் கவனி என்று சொன்னதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நாம் அறியோம்.

வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பாட்டுப் பெட்டியை அணைத்துவிடச் சொல்லுங்கள், கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். விற்பவர் பேச்சுப் பிரியராயிருந்தால் அவரை வீட்டில் நிறுத்திவிட்டு, அவர் தரப்பில் பேசாத ஒருவரை அழைத்துச் செல்வது நலம். ஒரு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால் சக்கரங்களின் ஓசை சுவரில் பட்டுத் திரும்பி நன்றாகக் கேட்கும். திறந்த வெளியில் ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து மெல்ல வட்டமிடுங்கள். முன்சக்கரங்கள் இழுக்கும் காராயின் 'டக் டக் டக்' என்று வரிசையாகச் சொடுக்கும் ஓசை, ஆக்ஸில் மூட்டின் தேய்மானத்தைக் குறிக்கும். பின்சக்கரங்கள் தள்ளும் சரக்கு வண்டியில், முன்னும் பின்னும் மாற்றி நகர்த்தும்போது அடியில் ஒரே ஒரு 'டொக்' கேட்டால் நீளத் தண்டின் மூட்டுகளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதே வண்டியில் வேகத்தோடு ஊளையிடும் ஓசை, ஆக்ஸிலேட்டரை மிதிக்கையில் ஒரு சுருதியும் விடுகையில் வேறொரு சுருதியுமாய் மாறினால் பழுது பின்புறக் கிரௌனில் இருக்கக்கூடும்.

நல்ல சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் 'ஊம்' என்று இரையும் ஓசை ஒன்றுண்டு. கிளட்சை மிதித்து எஞ்சின் வேகத்தைத் தணித்தும் அவ்விரைச்சல் குறையாமல், வண்டியின் வேகத்தோடு மட்டுமே ஏறி இறங்குமானால் அது எஞ்சினைச் சேர்ந்ததன்று; சக்கரத்தைச் சேர்ந்தது. பின்வருவோர் இல்லாத இடத்தில் ஸ்டியரிங்கைச் சிறிது இடப்புறம் வளையுங்கள். பாரம் வலப்புறச் சக்கரத்தின்மேல் சாயும். அப்பொழுது இரைச்சல் மிகுந்தால் வலப்புற பேரிங், குறைந்தால் இடப்புற பேரிங் என்று பெரும்பாலும் கொள்ளலாம். டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தாலும் இதே இரைச்சல் எழுமாதலால், இறங்கியபின் டயரின் முகத்தில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ரம்பப் பல்போல் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் கூராகவும் தட்டுப்பட்டால் காரணம் டயரே. தடவும்போதே டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. இரண்டாண்டு ஓடிய வண்டி என்று சொல்லும்போது டயர் ஏழாண்டுப் பழையதாயிருக்க நியாயமில்லை.

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது 'கடக்' என்றால் சஸ்பென்ஷன் புஷ்ஷோ பந்து மூட்டோ தேய்ந்திருக்கும். மூலையை அமுக்கி விட்டபின் வண்டி இரண்டு மூன்று முறைக்குமேல் ஆடினால் ஷாக் போய்விட்டது. பிரேக்கில் உலோகம் உலோகத்தோடு அரைபடும் ஓசை கேட்டால் அவ்வண்டியை அதற்குமேல் ஓட்டாமல் திரும்புதல் நன்று. ஓசையே தராத பிரேக் பழுதும் உண்டு. எஞ்சின் ஓடும்போது பெடலை அரை நிமிடம் அழுத்தி வைத்திருந்து, அது மெல்ல மெல்லக் கீழிறங்கிச் சென்றால் எங்கோ கசிவிருக்கிறது. கிளட்ச் வழுக்குவதும் அத்தகையதே: மேட்டில் உயர்ந்த கியரில் மிதிக்கும்போது எஞ்சின் மட்டும் சீறி, வண்டி வேகங்கொள்ளாது.

காதிற்கு எட்டாதவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டேயிருக்கும் விளக்கைவிட ஐயத்திற்குரியது. அதன் இணைப்பை யாரேனும் துண்டித்திருக்கலாம். மீட்டர் குறைவாகக் காட்ட, பெடல் ரப்பர்கள் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பற்க. விபத்துற்று டிங்கரிங் செய்த இடத்தில் பட்டி பூசியிருப்பார்கள். இரும்புத் தகட்டின்மேல் துணி சுற்றிய காந்தத்தை நகர்த்தினால் பட்டியுள்ள இடத்தில் பிடிப்புக் குறையும். சென்னையில் 2015 டிசம்பரிலும், சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் எண்ணிறந்தவை. அவற்றுள் சில துடைத்துப் புதுக்கப்பட்டு வெளியூர்களில் விலைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். இருக்கையின் கீழுள்ள தண்டவாளங்களில் துரு, மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, விரிப்பின் அடியில் மக்கல் வாடை ஆகியனவும் சாட்சி கூறும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம் என்பதே நமது கருத்து.

காகிதங்களைப் பற்றி நாம் அதிகம் எழுதாமைக்குக் காரணம், அவற்றைச் சங்கத்தார் பொதுவாக நன்றாகவே பார்க்கின்றனர் என்பதே. எனினும் சில உண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், வங்கியின் ஒப்புதலோடு 35ஆம் படிவத்தால் அது நீக்கப்பட வேண்டும். உரிமை மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் தேவை. நிலுவை அபராதங்களைப் பரிவாகன் இணையத்தளத்திலேயே காணலாம். சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்று எட்டாண்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் பெற வேண்டியிருப்பதால், அச்செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும். உரிமை மாறிய 14 நாட்களுக்குள் இன்ஷ்யூரன்ஸையும் மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும். விற்பவருக்குரிய 'நோ கிளெய்ம்' சலுகை வண்டியோடு வாராது.

இவற்றினும் முக்கியமானது, பதிவு சங்கத்தின் பெயரில் இருத்தல். சௌகரியத்திற்காகக் காரியதரிசியின் பெயரில் வண்டியைப் பதிந்துகொள்ளும் வழக்கத்தை இரண்டோரிடங்களில் கண்டோம். விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. சங்கத்தின் வேலைக்காக ஓடும் வண்டியின் பொறுப்பை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்றுவது முறையன்று. காரியதரிசி மாறும்போது வண்டி யாருடையது என்ற வழக்கும் இதனால்தான் எழுகிறது.

நிற்க. சென்ற ஆண்டு ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விளைவிப்போர் சங்கத்தார் வண்டி பார்க்க அழைத்தபோது, இம்முறை நம்மை ஏன் அழைக்கிறீர்கள் என்றே கேட்டோம். பழைய கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. "ஒருக்கா ஏமாந்தவிங்க நல்லாப் பாப்பீங்கன்னுதான் சார்" என்றார் தலைவர். பட்டறைக்காரர் ஒருவருக்குக் கூலி பேசி உடன் அழைத்துக்கொண்டோம். விற்பவர் சிபாரிசு செய்த ஆளை வேண்டாமென்றோம். மூன்று காலைகள் அலைந்தோம். முதல் வண்டியின் பானெட் ஏழு மணிக்கே சுட்டது. கையை எடுத்துக்கொண்டு திரும்பினோம். இரண்டாவது வண்டி குளிரில் ஒரு குறையுமின்றிக் கிளம்பிற்று. பன்னிரண்டாவது கிலோமீட்டரில், மேம்பாலத்தின் ஏற்றத்தில், நமக்குப் பழக்கமான அந்த ஓசை அடியிலிருந்து கேட்டது. விற்பவரும் உண்மையிலேயே திகைத்தார். அவர் அதனை வாங்கியே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவருக்காக வருந்தினோம், ஆனால் வாங்கவில்லை.

மூன்றாவது வண்டியில் கிளட்சை மிதித்தால் உரசியது, விட்டால் நின்றது. ரிலீஸ் பேரிங் என்றோம், பட்டறைக்காரர் தலையசைத்தார். அதனை மாற்றக் கியர் பெட்டியை இறக்க வேண்டியிருப்பதால், இறக்கும்போதே கிளட்ச் தட்டையும் மாற்றிவிடுவதுதான் சிக்கனம் என்று அவர் ஒரு தொகையைத் தாளில் எழுதினார். விற்பவர் அத்தாளைப் பார்த்து, சிறிது நேரம் பேசாமலிருந்து, அத்தொகையை விலையில் குறைத்துக்கொள்ள உடன்பட்டார். குறைத்த தொகையும் காரணமும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டன. பணம் காசோலையாகவே கொடுக்கப்பட்டது. இரண்டு மஞ்சள் பருவம் அவ்வண்டி ஓடிவிட்டது. அதன் இடப்பக்கக் கதவு மட்டும் ஓங்கி அறைந்தால்தான் சாத்திக்கொள்கிறது. அன்று நாம் வலப்பக்கமாகவே ஏறி இறங்கியதால் அதனைப் பார்க்கத் தவறிவிட்டோம்.